பிசியோதெரபி ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைக் கணக்கைப் பார்ப்பது எப்படி? மலையகத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு

பேராதனையில் பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் கடைசி வருட ஆய்வுக்கு மேற்பார்வையாளர் தேடும் காலத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அந்த மிஸ்ஸுக்கு எச்-இன்டெக்ஸ் எவ்வளவாம்?" ஒருவருடைய கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்பதை வைத்துப் போடும் இலக்கம் அது. நுவரெலியாவிலோ பதுளையிலோ டிக்கோயாவிலோ ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே மேற்படிப்புக்குப் பதிய நினைப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பெயரைக் கூகுளில் அடித்து, வருகிற இலக்கத்தைப் பார்த்து, இலக்கம் பெரிதென்றால் ஆளும் பெரிய ஆள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த இலக்கம் எங்கிருந்து வருகிறது, அதில் எதைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசியில் உங்கள் சொந்தக் கணக்கைத் தொடங்குவது பற்றியும் கொஞ்சம் இருக்கிறது.

போனும் டேட்டாவும் இருந்தால் போதும். தேடுவதற்குக் காசு கட்ட வேண்டிய தளம் எதையும் சொல்லப் போவதில்லை.

முதலில் பெயரைச் சரி பாருங்கள்

இலக்கத்தைப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானோர் தவறவிடுவதும் இதைத்தான்.

நம்மில் அநேகம் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரும் சொந்தப் பெயரும்தான். ஆனால் கட்டுரைகளைப் பதியும் தரவுத்தளங்கள் கடைசியில் நிற்கும் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முன்னால் இருப்பதை இனிஷியலாகச் சுருக்கிவிடும். தர்ஷினி என்று ஒருவர், அப்பா பெயர் செல்வராஜா என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டுரையில் செல்வராஜா தர்ஷினி என்று போட்டால் அவர் "தர்ஷினி எஸ்". அடுத்த கட்டுரையில் கூட்டாசிரியர் ஒருவர் மாற்றிப் போட்டுவிட்டால் "செல்வராஜா டி". கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் கடைசியில் வந்தால் மூன்றாவதாக ஒரு ஆள் உருவாகிவிடுவார். போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பதிவாளர் எழுதியது ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, ஓ.எல். சான்றிதழில் வேறொரு மாதிரி. ராமசாமிக்கு நடுவில் டபிள்யூ உண்டா இல்லையா என்பதிலேயே ஒருவருடைய பத்து வருட உழைப்பு இரண்டு ஆட்கள் பேரில் பிரிந்து கிடக்கலாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் பிசியோதெரபிக் கல்லூரிகள் நிறைய. அதே பெயர், அதே இனிஷியல், அதே துறை என்று ஒருவர் அங்கே இருந்தால் அவருடைய கட்டுரைகளும் இவர் கணக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதனால் ஒருவரைத் தேடும்போது பெயரை முன்பின்னாக மாற்றியும், எழுத்துக்கூட்டலை மாற்றியும் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு கட்டுரையிலும் நிறுவனம், கூட்டாசிரியர்கள், பொருள் மூன்றையும் பாருங்கள். பக்கவாத நோயாளிகளின் நடை பற்றி எழுதி வருபவர் திடீரென்று பல் எனாமல் பற்றி எழுதியிருந்தால் அது வேறு ஆளாகத்தான் இருக்கும்.

ஓர்கிட் இலக்கம் இருந்தால் வேலை சுலபம். 2012இல் தொடங்கிய இந்த இலவசப் பதிவு ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க அடையாளம் ஒன்றைக் கொடுக்கிறது. பெயர் மாறினாலும் அது மாறாது. ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பதில் பாதி அவரவரே சேர்ப்பதுதான். அங்கே இருப்பதாலேயே ஒரு கட்டுரை தரமானது என்று ஆகிவிடாது. மேற்கோள் எண்ணிக்கையும் அங்கே இருக்காது.

எந்தத் தளத்தில் பார்ப்பது?

கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணிக் காட்டும் தளங்களான கூகுள் ஸ்கொலர், ஸ்கொப்பஸ் இரண்டுமே 2004இல் வந்தவை. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே இலக்கத்தைக் காட்டாது. அதற்காக யாரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. ஸ்கொலர் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணும்: சஞ்சிகைக் கட்டுரை, பட்ட ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், இன்னும் மதிப்பாய்வு (வேறு ஆய்வாளர்கள் வாசித்துச் சரிபார்ப்பது) முடியாத முன்பிரதி எல்லாம். ஸ்கொப்பஸ் தான் தெரிந்தெடுத்த சஞ்சிகைகளையும் சில நூல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டும் எண்ணும். ஆகவே ஸ்கொலரில் பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். ஒருவரை ஸ்கொலரிலும் இன்னொருவரை ஸ்கொப்பஸிலும் பார்த்து ஒப்பிடுவது வீண் வேலை. ஸ்கொப்பஸில் ஆசிரியர் தேடலுக்கு மட்டும் இலவச வழி இருக்கிறது. அது போதும்.

ஸ்கொலர் பக்கத்தில் மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் சில நேரம் ஒரு நட்சத்திரக் குறி தெரியும். பல பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணியிருக்கிறது, அதில் வேறு கட்டுரையும் கலந்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அதை அழுத்திப் பார்த்துவிட்டு நகருங்கள்.

நமது துறைக்கென்றே இருக்கும் தளம் பெட்ரோ. 1999இல் சிட்னியில் தொடங்கியது. பிசியோதெரபி தொடர்பான சோதனை ஆய்வுகள், முறைசார் மீளாய்வுகள், சிகிச்சை வழிகாட்டிகள் மட்டும் இதில் இருக்கும். சோதனை ஆய்வுகளுக்குப் புள்ளியும் போடுகிறார்கள். அளவுகோலில் 11 கேள்விகள். முதல் கேள்விக்குப் புள்ளி இல்லை, ஆகவே மொத்தம் 10. ஆனால் பிசியோதெரபியில் 10க்கு 10 எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது சிகிச்சை தருபவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் இருந்ததா என்று இரண்டு கேள்விகள் உண்டு. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஆளுக்குத் தான் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் இருக்க முடியுமா? நோயாளிக்கும் அதே கதைதான். அந்த இரண்டு புள்ளிகள் போய்விடுவதால் 8 எடுத்த ஆய்வு என்றால் மிக நல்ல ஆய்வு. பெட்ரோவின் பக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன என்பது நம் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது.

இலங்கைச் சஞ்சிகைகளில் வந்தவற்றுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற இலவசத் தளம். உள்ளூர் ஆய்வாளரைப் பற்றிப் பார்க்கும்போது இங்கே தேடாமல் விடாதீர்கள். பெரிய தரவுத்தளங்களில் தெரியாத நல்ல வேலைகள் பல இங்கேதான் கிடக்கின்றன.

எச்-இன்டெக்ஸ் என்ற இலக்கம்

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி முன்வைத்த கணக்கு இது. சுலபமானதுதான். ஒருவருக்கு எட்டுக் கட்டுரைகள் இருக்கின்றன, அவை முறையே 25, 14, 9, 6, 5, 3, 1, 0 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று வையுங்கள். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி எண்ணிக்கொண்டே போங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள், சரி. ஆறாவது கட்டுரைக்கு 6 வேண்டும், 3தான் இருக்கிறது. நிறுத்துங்கள். எச்-இன்டெக்ஸ் 5. ஸ்கொலர் காட்டும் ஐ-10 என்பது 10 அல்லது அதற்கு மேல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. இவருக்கு அது 2.

இப்போது கொஞ்சம் விளையாடிப் பாருங்கள். 25 மேற்கோள் உள்ள முதல் கட்டுரைக்கு 500 மேற்கோள் வந்தாலும் எச்-இன்டெக்ஸ் அதே 5தான். ஐந்தாவது கட்டுரையில் வெறும் இரண்டு மேற்கோளை எடுத்துவிட்டால் 4க்கு இறங்கிவிடும். இவ்வளவு சின்ன அசைவுக்கு ஆடும் இலக்கத்தை வைத்து 5 எடுத்தவரை விட 6 எடுத்தவர் திறமைசாலி என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 5க்கும் 25க்கும் இடையில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது. அது என்ன என்று கட்டுரைகளைத் திறந்தால்தான் தெரியும்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கட்டுரைக்கு மேற்கோள் சேரச் சில வருடங்கள் எடுக்கும். தளம் பதிவுகளை நீக்கினாலன்றி, எச்-இன்டெக்ஸ் காலத்தோடு கூடுமே தவிர குறையாது. 20 வருடமாக எழுதுபவரையும் போன வருடம் கலாநிதிப் பட்டம் முடித்து வந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. ஸ்கொலரில் மொத்தக் கணக்குக்குப் பக்கத்தில் கடைசிச் சில வருடக் கணக்கும் இருக்கும். மேற்பார்வையாளர் தேடும் உங்களுக்கு அந்த இரண்டாவது நிரல்தான் முக்கியம். இப்போது வேலை செய்கிறாரா என்பதை அது சொல்லும்.

கழிக்க வேண்டியவை

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கும் பைக்கும் என்று கிலோக் கணக்கில் கழிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே கழிப்பது பற்றி எவ்வளவோ சண்டை இருக்கிறது. இங்கே கழிப்பது நியாயம்தான்.

முதலாவது, சொந்த மேற்கோள். தன் பழைய கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதில் பிழை இல்லை. தோட்டத் தொழிலாளரின் முதுகுவலி பற்றி எழுத நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அவர்கள் தங்களையே காட்டாமல் வேறு யாரைக் காட்டுவது? ஆனால் மொத்தமும் அப்படியே இருந்தால் யோசிக்க வேண்டும். ஸ்கொலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் அருகில் உள்ள மேற்கோள் எண்ணை அழுத்தினால் யார் யார் காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். ஒரு பக்கத்தை ஓட்டிப் பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும்.

இரண்டாவது, கூட்டம். ஒருவருடைய பக்கத்தில் ஆயிரக்கணக்கான மேற்கோள் தெரிகிறது, மற்றக் கட்டுரைகளுக்கெல்லாம் நாலு, ஐந்து என்றுதான் இருக்கிறது என்றால் மேலே உள்ள இரண்டு மூன்று கட்டுரைகளைத் திறந்து ஆசிரியர் வரிசையைப் பாருங்கள். உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற பெரிய கூட்டு முயற்சிகளில் நூற்றுக்கணக்கான பேர் ஆசிரியர்களாக இருப்பார்கள். லான்செட் என்ற பெரிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த கட்டுரை உலகம் முழுக்க மேற்கோளாகும், அத்தனை பேர் கணக்கிலும் அது முழுதாக ஏறும். அதில் பங்கெடுத்தது நல்ல விஷயம்தான். ஆனால் நோயாளியைக் கையில் எடுத்து ஆய்வு நடத்துவதை அவரிடம் பழகலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அவர் முதல் ஆசிரியராகவோ, கடைசி ஆசிரியராகவோ, தொடர்புக்குரிய ஆசிரியராகவோ நிற்கும் கட்டுரைகளைத் தனியாக எண்ணுங்கள். நமது துறையில் பெரும்பாலும் முதலில் நிற்பவர்தான் வேலையைச் செய்தவர், கடைசியில் நிற்பவர் வழிநடத்தியவர்.

மூன்றாவது, கட்டுரையின் வகை. அளவுகோல், கேள்விக்கொத்து போன்ற அளவீட்டுக் கருவியைப் பற்றி எழுதினால் மேற்கோள் கொட்டும். பெட்ரோ அளவுகோல் எவ்வளவு நம்பகமானது என்று 2003இல் கிறிஸ் மாஹரும் சகாக்களும் எழுதிய கட்டுரையை அந்த அளவுகோலைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மீளாய்வும் காட்டிக்கொண்டே இருக்கிறது. தசை, மூட்டு வலி பற்றிக் கேட்கும் நோர்டிக் கேள்விக்கொத்து 1987இல் வந்தது, இன்றைக்கும் தேயிலைத் தோட்டம் முதல் கணினி அலுவலகம் வரை அதைக் காட்டாத ஆய்வு குறைவு. மீளாய்வுக் கட்டுரைகளும் அப்படியே. ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கைக்கு மேற்கோள் வருவதே அபூர்வம். பொருளும் கணக்கை மாற்றும். கீழ்முதுகு வலி பற்றி உலகமே எழுதுகிறது. சரிவில் நின்று கொழுந்து பறிப்பவர்களின் தோள்பட்டை பற்றி எழுதினால் அதைத் தேடி வாசிக்கப் போகிறவர்கள் இங்கேயும் அசாமிலும் கென்யாவிலும் இருக்கும் சிலர்தான். அவருக்கு 7 மேற்கோள் என்றால் அந்த 7ஐ ஏளனமாகப் பார்க்க வேண்டாம்.

எந்தக் கணக்கிலும் வராதவையும் உண்டு. டிக்கோயா கிளினிக்கில் ஒரு பயிற்சித் தாளைப் பார்த்து நோயாளிகள் வீட்டில் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கு அடிப்படையான ஆய்வுக்கு அதனால் ஒரு மேற்கோளும் கூடாது.

மூன்று கட்டுரைகளைத் திறங்கள்

இதுதான் உண்மையான வேலை. மற்றதெல்லாம் இதற்கு ஆயத்தம். அவருடைய அதிகம் மேற்கோளான கட்டுரை ஒன்று, மிக அண்மையில் வந்தது ஒன்று, உங்கள் பொருளுக்கு நெருக்கமானது ஒன்று. முழுப்பிரதி பூட்டிக் கிடந்தால் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச முழுப்பிரதித் தளத்தில் தேடுங்கள். அங்கேயும் இல்லாவிட்டால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பலர் சந்தோஷமாக அனுப்புவார்கள். லயத்தில் சிக்னல் பிடிக்காத இடம் என்றால் கம்பஸ் நூலகத்திலோ டவுனிலோ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கத்தை விட்டுவிட்டு நேராக முறையியல் பகுதிக்குப் போங்கள். தோட்ட மக்களிடம் நடத்திய ஆய்வு என்றால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: கேள்விக்கொத்தை எந்த மொழியில் கேட்டார்கள்? சிங்களத்தில் சரிபார்த்த கேள்விக்கொத்தை வைத்துக்கொண்டு, தமிழ் பேசும் தொழிலாளரிடம் யாரோ ஒருவர் அந்த இடத்திலேயே வாயால் மாற்றிச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த வலிப் புள்ளிகளுக்கு எவ்வளவு பெறுமதி என்று நீங்களே யோசியுங்கள். அடுத்தது சம்மதம். தோட்ட நிர்வாகம் அனுமதி தந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறதா, அல்லது ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு, மறுத்தால் வேலைக்கு ஒரு பாதிப்பும் வராது என்று சொன்னதும் இருக்கிறதா? துரை சரி என்று சொன்ன பிறகு மலையில் நிற்கிறவரால் முடியாது என்று சொல்ல முடியுமா என்பதை யோசித்த ஆய்வாளரிடம் படிப்பது நல்லது.

சிகிச்சைச் சோதனை என்றால் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேடு 2006 முதல் இயங்குகிறது, அதன் இலக்கம் எஸ்.எல்.சி.டி.ஆர். என்று தொடங்கும். அதைத் தேடிப் பார்த்தால் ஆய்வு தொடங்கும் முன் எதை முக்கிய விளைவாக அளப்போம் என்று சொன்னார்களோ அது தெரியும். வலியை அளப்போம் என்று பதிந்துவிட்டு, கட்டுரையில் நடை வேகத்தை முன்னால் வைத்துப் பெருமை பேசினால் ஏன் என்று கேட்க வேண்டும்.

சஞ்சிகை எப்படி?

சஞ்சிகையின் இம்பெக்ட் ஃபெக்டர் (அதில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்ற இலக்கம்) சஞ்சிகைக்கு உரியது, கட்டுரைக்கோ ஆளுக்கோ உரியதல்ல. இதைச் சொல்லி 2013இல் சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் என்றே ஒன்று வெளிவந்தது. நான் பார்ப்பது அந்த இலக்கத்தை அல்ல, சஞ்சிகை உண்மையானதா என்பதைத்தான்.

காசுக்காக எதையும் போடும் சஞ்சிகைகளின் வாசனை சீக்கிரம் பிடிபட்டுவிடும். இன்னும் பட்டம் வாங்காத பிள்ளைக்கு "மதிப்புமிகு பேராசிரியர் அவர்களே" என்று கடிதம் வரும். ஒரு வாரத்தில் மதிப்பாய்வு முடியும் என்பார்கள். பிசியோதெரபியும் விவசாயமும் வர்த்தக முகாமைத்துவமும் ஒரே இதழில் இருக்கும். கேள்விப்படாத பெயரில் ஒரு "இம்பெக்ட் ஃபெக்டர்" பெரிதாக மின்னும். இப்படிப்பட்ட வெளியீட்டாளர்களைப் பட்டியலிட்டு வந்த ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் 2017இல் அதை எடுத்துவிட்டார். ஆகவே இப்போது நாமே பார்க்க வேண்டும். ஸ்கொப்பஸில் இருக்கிறோம் என்று சொன்னால் ஸ்கொப்பஸின் சஞ்சிகைப் பட்டியலில் தேடுங்கள், இடையில் நிறுத்தப்பட்டதா என்றும் பாருங்கள். திறந்த அணுகல், அதாவது யாரும் இலவசமாக வாசிக்கக்கூடியது என்றால், அப்படிப்பட்ட சஞ்சிகைகளைப் பட்டியலிடும் டோஜ் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல சஞ்சிகையின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் இருப்பதால் முகவரியையும் ஒரு தடவை சரி பார்ப்பது நல்லது. ஒரு ஆய்வாளரின் பட்டியலில் இப்படி ஒன்றிரண்டு இருந்தால் மன்னிக்கலாம், தொடக்க காலத்தில் பலர் மாட்டியிருக்கிறார்கள். வரிசையாக இருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

உங்கள் கணக்கைத் தொடங்குதல்

முதல் கட்டுரைக்கு முன்பே பெயரை முடிவு செய்யுங்கள். எந்த வரிசை, எந்த எழுத்துக்கூட்டல், அப்பா பெயர் முழுதாகவா இனிஷியலாகவா என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு சாகும்வரை மாற்றாதீர்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி எடுத்துக்கொண்டால் பின்னால் புலமைப்பரிசில் விண்ணப்பங்களில் தலைவலி குறையும். கூட்டாசிரியர்களுக்கும் அதை அப்படியே அனுப்புங்கள், அவர்களாக ஊகிக்க விடாதீர்கள்.

அன்றைக்கே ஓர்கிட் எடுங்கள், பத்து நிமிட வேலை. கம்பஸ் மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். பட்டம் முடிந்த பிறகு கம்பஸ் மின்னஞ்சல் வேலை செய்யாமல் போனால் உங்கள் கணக்குக்குள் நீங்களே போக முடியாது. அப்புறம் முதல் கட்டுரை வந்ததும் ஸ்கொலர் பக்கத்தைத் திறந்து, கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். நிறுவன மின்னஞ்சலை உறுதிப்படுத்தினால்தான் உங்கள் பக்கம் மற்றவர் தேடும்போது வரும்.

ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு ஒன்று. கிளினிக்கில் ஏற்கெனவே எழுதி வைத்த நோயாளி விபரங்களை எடுத்துக் கட்டுரை எழுதலாம் என்று பலருக்கு ஆசை. அறநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். பின்திகதியிட்டு யாரும் தர மாட்டார்கள், சஞ்சிகையோ அனுமதி இலக்கத்தைக் கேட்கும். யார் முதல் ஆசிரியர், யார் எத்தனையாவது என்பதையும் தரவு சேர்க்கும் முன்பே பேசி, மின்னஞ்சலில் எழுதி வையுங்கள். சேரிடம் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். "சேர், ஆசிரியர் வரிசையை இப்போதே எழுதி வைத்தால் எனக்கு வேலை பிரித்துக்கொள்ள வசதியாக இருக்கும்" என்று கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எங்கே அனுப்புவது என்றால், முதலாவதை இலங்கைச் சஞ்சிகைக்கு அனுப்புவதில் ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டுத் திறந்த அணுகல் சஞ்சிகைகள் பலவற்றின் கட்டணம் ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டும். அது நம் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. கட்டண விலக்கு உண்டா என்பதை அனுப்புவதற்கு முன்பே கேளுங்கள், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. சந்தா முறையில் நடக்கும் சஞ்சிகைகளில் பெரும்பாலும் ஆசிரியர் காசு கட்டத் தேவையில்லை.

சுயவிபரக் கோவையில் பட்டியலைப் பிரித்துப் போடுங்கள். மதிப்பாய்வு செய்யப்பட்ட கட்டுரைகள் ஒரு தலைப்பில், பேராதனை ஆய்வு அமர்வு போன்றவற்றில் வந்த சுருக்கங்கள் இன்னொரு தலைப்பில். எச்-இன்டெக்ஸ் போடுவதாக இருந்தால் எந்தத் தளம், எந்தத் திகதி என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கட்டுரையை "மதிப்பாய்வில் உள்ளது" என்று எழுதலாம். "வெளிவரவுள்ளது" என்பதை ஏற்புக் கடிதம் கையில் வந்த பிறகு எழுதுங்கள். நேர்முகத்தேர்வில் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள்.